39 வெள்ளி லென்ஸும் எங்கள் வீட்டுச் செம்பருத்தியும்

கைப்பேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ், அதாவது சின்னதைக் கிட்டே போய்ப் பெரிதாக எடுக்கும் லென்ஸ், ஒன்றை வாங்கி ஏழு மாதம் ஆகிவிட்டது. விலை 39 வெள்ளி 90 காசு, வெள்ளி என்றால் மலேசிய ரிங்கிட். இணையக் கடை ஒன்றில் எடுத்தது. பிராண்ட் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொல்லியும் பயனில்லை, பெட்டியில் ஒரு பெயர், கிளிப்பில் இன்னொரு பெயர், அதே சாமான் அதே படத்தோடு வேறு பத்துப் பெயரில் விற்கிறது. வாட்சாப்பில் நான் போடும் பூப் படங்களைப் பார்த்து "அக்கா, என்ன கேமரா வாங்கினீங்க?" என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு தடவை கேட்டாயிற்று, எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

அவசரக்காரர்களுக்கு: வீட்டில் நாலு பூச்சட்டி இருந்தால் வாங்கலாம். பூச்சட்டி இல்லாவிட்டால் அந்தக் காசுக்கு முதலில் செடி வாங்குங்கள்.

நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 21 வருடமாக இருக்கிறேன். அந்தத் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது, எங்கள் சின்னம்மாவும் அங்கேதான் வேலை செய்து ஓய்வு பெற்றார், ஆக இது எங்களுக்குக் குடும்பத் தொழில் மாதிரி. என் வேலை பரிசோதனை. இரவு 7 மணிக்கு உட்கார்ந்தால் காலை 7 மணி வரை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வரும் மின்சுற்று போர்டுகளைப் பார்த்து, சோல்டர் என்கிற பற்றவைப்பு சரியாகப் படியாதது, கீறல் விழுந்தது, கால் வளைந்தது என்று குறை கண்டுபிடித்து ரிஜெக்ட் தட்டில் போட வேண்டும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு லென்ஸ் நல்லதா மட்டமா என்று பார்க்க எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. இன்னொன்று, வீட்டுக்கு வந்தும் எதையாவது பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்திருக்கவே கூடாது.

வாங்கியது பூவுக்காக இல்லை, மாவுப்பூச்சிக்காக. ஆயர் ஈத்தாமில் எங்கள் வரிசை வீட்டு வாசலில் முப்பது சட்டிகளுக்கு மேல் இருக்கும், சட்டி என்றால் பாதி பழைய பெயின்ட் வாளி, மைலோ டின், ஓட்டை விழுந்த அரிசிப் பானை. எல்லாம் அம்மாவின் ராஜ்யம். செம்பருத்தி மொட்டுகளில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு மொட்டு மொட்டாக உதிர்ந்தது. மாவுப்பூச்சி என்று நான் சொன்னேன், பூசணம் என்று அம்மா சொன்னார், இரண்டுக்கும் மருந்து வேறு. வேலை புத்தி விடுமா, பெரிதாக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்று லென்ஸை ஆர்டர் போட்டேன். பூச்சிதான். காலும் தெரிந்தது, பக்கத்திலேயே எறும்புகள் காவல் நின்றதும் தெரிந்தது, மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதை மாடு மாதிரி வளர்க்கும். பாத்திரம் கழுவும் சோப்பை நிறையத் தண்ணீரில் கலந்து அடித்தோம், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கியது. லென்ஸின் வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் பூச்சியைத் தேடிப் போன இடத்தில் விரிந்திருந்த ஒரு பூவின் நடுத்தண்டு குறுக்கே வந்துவிட்டது, அன்றைக்கு அரை மணி நேரம் தூங்கப் போகவில்லை.

சரி, சாமானைப் பற்றி.

பெட்டியைத் திறந்தால் கிளிப், அதில் திருகி மாட்டிய லென்ஸ், ஒரு துணிப்பை, மூடி. இந்த லென்ஸ் இரண்டு துண்டு, மேலே இருப்பது அகலக் காட்சிக்கு, அதைத் திருகிக் கழற்றினால் அடியில் இருக்கும் சின்னக் கண்ணாடிதான் மேக்ரோ. இதை எந்தத் தாளிலும் எழுதவில்லை. முதல் நாள் இரண்டையும் சேர்த்தே மாட்டி, எவ்வளவு கிட்டே போனாலும் மங்கலாகவே இருக்கிறதே, நாற்பது வெள்ளி போச்சே என்று விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் மகள் வந்து ஒரு திருகு திருகிக் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள். அகலக் காட்சித் துண்டு இப்போது எந்த இழுப்பறையில் கிடக்கிறதோ, அதனால் எனக்கு ஒரு உபயோகமும் இல்லை.

பெட்டியில் 15X என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. இங்கேதான் என் தொழில் குணம் வெளியே வந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடிகளுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு, சாதாரணக் கண் வசதியாகப் பார்க்கும் தூரம் 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, அதைக் கண்ணாடியின் குவியத் தூரத்தால், அதாவது அது வெளிச்சத்தை ஒரு புள்ளியில் குவிக்கும் தூரத்தால், வகுத்தால் எத்தனை மடங்கு என்று வரும். 15 மடங்கு என்றால் குவியத் தூரம் 1.7 சென்டிமீட்டருக்குக் கிட்டே இருக்க வேண்டும், பூவும் லென்ஸிலிருந்து ஏறக்குறைய அதே தூரத்தில் இருந்தால்தான் தெளிவாகத் தெரியும். நான் பள்ளிக்கூட ரூலரை வைத்து அளந்தேன், 3.5 சென்டிமீட்டரில் தெளிவாகிறது. ஆக இது சுமார் 7 மடங்கு, பெட்டி இரண்டு மடங்கு பொய் சொல்கிறது. கோபப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் உண்மையாகவே 15 மடங்கு இருந்திருந்தால் பூவோடு மூக்கு ஒட்டுகிற மாதிரி கிட்டே போக வேண்டியிருந்திருக்கும், வெளிச்சம் நுழைய இடமே இருக்காது. இந்தப் பொய் எனக்குச் சாதகமாகப் போனது. நீங்கள் வாங்கும்போது எண்ணைப் பார்க்காதீர்கள், எத்தனை சென்டிமீட்டரில் தெளிவாகும் என்று விற்பவரைக் கேளுங்கள், 3க்குக் கீழே என்றால் வேண்டாம்.

அப்புறம் போன் பிரச்சினை. இப்போது வரும் போன்களில் பின்னால் மூன்று நாலு கேமரா இருக்கிறது, லென்ஸை எதன் மேல் மாட்டுவது என்பதே முதல் குழப்பம். கேமராவைத் திறந்து 1X இல் வைத்து ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பாருங்கள், எதை மூடினால் திரை இருட்டாகிறதோ அதுதான் மெயின், அதில்தான் மாட்ட வேண்டும். அது சரியாக நடந்தாலும், பூவுக்குக் கிட்டே போனதும் போன் தன் பாட்டுக்கு வேறு கேமராவுக்குத் தாவிவிடும், திரையில் லென்ஸின் கறுப்பு விளிம்பு மட்டும் தெரியும். புரோ என்று ஒரு பிரிவு இருந்தால் அதில் போய் வைத்துக்கொண்டால் தாவாது, அல்லது தானாக மேக்ரோவுக்கு மாறும் வசதியை அணைத்துவிட வேண்டும். என் போன் ஐந்து வருடப் பழசு, அது தாவாது, பழசுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. உங்களுடையது கொஞ்சம் விலை கூடின புதுப் போன் என்றால் இந்த லென்ஸ் தேவையே இல்லாமலும் இருக்கலாம், ஐஃபோனில் 2021இல் வந்த 13 புரோவிலிருந்தே 2 சென்டிமீட்டர் வரை கிட்டே போகும் வசதி உள்ளேயே இருக்கிறது. முதலில் அதைச் சோதித்துவிட்டுக் காசை எடுங்கள்.

காலையில் எடுப்பதற்கு ஒரு சின்னப் பழக்கம் வேண்டும். லென்ஸை ஏர்கான் போட்ட அறையில் வைத்திருந்து நேராக வெளியே கொண்டு வந்தால் ஒரே நொடியில் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி பனி படிந்துவிடும். துடைத்தால் திரும்பப் படியும். நான் அதற்குப் பிறகு லென்ஸை ஹாலில் செருப்பு அலமாரிக்கு மேலே வைத்துப் பழகினேன், பிஸ்கட் டப்பாவில், மருந்து பாட்டிலோடு வரும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு. அந்தப் பொட்டலம் அலங்காரத்துக்கு இல்லை, நம் ஊர் ஈரப்பதத்தில் கண்ணாடிக்குள் பூசணம் கிளைவிட்டுப் படர்ந்துவிடும், விலை உயர்ந்த கேமராக்காரர்கள் ஈரம் புகாத டிரை கேபினெட் அலமாரி வாங்கி வைப்பதெல்லாம் அதற்குத்தான். நாற்பது வெள்ளிச் சாமானுக்கு பிஸ்கட் டப்பா போதும்.

தொழிற்சாலை பஸ் என்னை இறக்கிவிடும்போது 7.40 ஆகும். வெளியூர்க்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும், பினாங்கில் அப்போதுதான் நன்றாக விடிந்திருக்கும். தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1ஆம் தேதி அரை மணி நேரம் முன்னால் தள்ளி, கிழக்கே கடலுக்கு அப்பால் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு சேர்த்துவிட்டார்கள், மேற்குக் கோடியில் இருக்கும் எங்களுக்குச் சூரியன் மட்டும் பழைய நேரத்துக்கே வருகிறது, ஏழு, ஏழேகால், சில மாதங்களில் ஏழரை என்று. பகல் வேலைக்காரர்கள் இருட்டில் எழுந்து இருட்டில் கிளம்புகிறார்கள், பாவம். இரவு வேலைக்காரிக்கு அது வரம். நான் வீட்டு கேட்டைத் திறக்கும்போது வெளிச்சம் சாய்வாக, பால் மாதிரி, நிழலே விழாமல் வரும், இலையில் ராத்திரி ஈரம் இன்னும் இருக்கும், காற்று எழுந்திருக்காது. இந்த லென்ஸுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. 9 மணிக்கு மேல் வெயில் உறைத்தால் சிவப்புப் பூ எல்லாம் படத்தில் வெறும் சிவப்புத் தீட்டல் ஆகிவிடும், இதழில் ஒரு நரம்பு தெரியாது.

3.5 சென்டிமீட்டர் தூரத்தில் நின்று படம் எடுக்க முடியாது. குந்த வேண்டும். இதை நான் குறையாக எழுதத்தான் நினைத்தேன், எனக்கு 46 வயது, முழங்கால் ஒத்துழைக்காது, முதல் வாரம் எழுந்திருக்கத் தூணைப் பிடித்தேன். ஆனால் அந்தச் செடிகள் வீட்டு முன்னால் எத்தனை வருடமாக நிற்கின்றன, நான் அவற்றைத் தாண்டித்தான் தினமும் போய் வந்திருக்கிறேன், தண்ணீர் ஊற்றும்போதுகூட நின்றபடி ஊற்றிவிட்டுப் போய்விடுவேன். குந்தியது இந்த லென்ஸ் வந்த பிறகுதான். இப்போது அம்மாவின் பழைய மரப்பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன், தேங்காய் துருவும் பலகை, அருவாமனைப் பகுதி கழன்று போனது. பக்கத்தில் கொசுவத்தி. காலையில் கடிக்கிற கொசுதான் டெங்கிக் கொசு, சட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு உட்காருங்கள், இது படம் எடுப்பதைவிட முக்கியம்.

சரி, என்னதான் தெரிகிறது? செம்பருத்தியிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1960இல் தேசிய மலராக அறிவித்தது, மலாயில் புங்கா ராயா, ஐந்து இதழும் ருக்குன் நெகாரா என்ற நாட்டுக் கொள்கையின் ஐந்து கோட்பாடு என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், இடையில் பத்து வருடம் இருக்கிறதே, ருக்குன் நெகாரா வந்தது 1970இல் அல்லவா என்று எந்த ஆசிரியரையும் நான் கேட்டதில்லை. அந்த ஐந்தை எல்லோருக்கும் தெரியும். இன்னொரு ஐந்து இருப்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் நுனியில் ஐந்து குட்டிக் குமிழ், சிவப்பு வெல்வெட் துணியில் தைத்த பொத்தான் மாதிரி, ஒவ்வொன்றிலும் மெல்லிய ரோமம். அதற்குக் கீழே தண்டைச் சுற்றி மகரந்தப் பைகள், மகரந்தத் துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணிவிடலாம் போல உப்புக் கல்லாக நிற்கிறது. செம்பருத்தியின் மகரந்தம் தலைமுடியின் தடிமனைவிடப் பெரியது, அதனால்தான் இந்த மலிவுக் கண்ணாடியிலேயே தெரிகிறது. சோல்டர் உருண்டைகளை வரிசையாகப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அதுவும் ஒரு வரிசையாகத்தான் பட்டது, என்னை அறியாமல் ஒழுங்கில்லாததைத் தேடினேன். எல்லாமே ஒழுங்கில்லாததுதான், ஒன்று பெரிது, ஒன்று சாய்ந்திருக்கிறது, ஒன்று உடைந்து இதழில் கொட்டிக் கிடக்கிறது. ரிஜெக்ட் தட்டு பக்கத்தில் இல்லை. செம்பருத்திக்கு ஆயுசு ஒரு நாள், இன்றைக்கு எடுக்கவில்லை என்றால் அந்தப் பூ நாளைக்குச் சுருட்டிய துணி.

காகிதப்பூ இதைவிடப் பெரிய ஏமாற்றுக்காரி. ஊதாவாக, ஆரஞ்சாக நாம் பூ என்று நினைப்பதெல்லாம் இலையின் ஒரு வகை. மூன்று வண்ண இலை சேர்ந்து கூடாரம் போட்டிருக்க, உள்ளே தீக்குச்சி மாதிரி மூன்று குழல் நிற்கும், அதன் நுனியில் வெள்ளையாக விரிகிற நட்சத்திரம்தான் பூ. பிறந்ததிலிருந்து பார்க்கிற செடி, வாசலில் நிற்கிற செடி. அந்த வெள்ளை நட்சத்திரப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டு இது என்ன பூ என்று கேட்டேன், மல்லிகை, நட்சத்திர மல்லி, புளியம்பூ என்றெல்லாம் வந்தது, ஒருத்தரும் சொல்லவில்லை. சொந்தக்காரர்களை இப்படி மடக்குவதில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

சங்குப்பூ நீலம் இந்த லென்ஸில் அப்படியே வருவதில்லை, போன் அதைக் கொஞ்சம் ஊதாவாக்கிவிடுகிறது, அதற்கு லென்ஸைக் குறை சொல்ல முடியாது. புலுட் தாய் தாய் என்ற நியோன்யா பலகாரத்துக்கு நிறம் போட என்று பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி எங்கள் வேலியில்தான் இந்தப் பூவைப் பறிப்பார். நான் குந்தியிருப்பதைப் பார்த்து "அம்பில் காம்பார் லாகி?" என்பார், மறுபடியும் படமா என்று. இப்போது தன் வீட்டு ஆர்க்கிட் பூத்தால் வேலிக்கு மேலே சட்டியோடு தூக்கிக் காட்டுகிறார். இட்லிப்பூ பரவாயில்லை. நந்தியாவட்டையில்தான் லென்ஸின் மட்டம் வெளிப்படுகிறது, வெள்ளை இதழின் ஓரம் முழுக்க ஊதாக் கோடு, நல்ல கண்ணாடியாக இருந்தால் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்கும், இது குவிக்கவில்லை. நடுவில் மட்டும் தெளிவு, ஓரம் கரைந்த ஐஸ்கிரீம். எங்கள் லைனில் இப்படி ஒரு லென்ஸ் வந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.

அந்திமந்தாரையும் எடுக்கலாம், ஆனால் அது சாயங்காலம் நாலு மணிக்கு மேல் விரியும், மலாய்க்காரர்கள் அதற்கு நாலு மணிப்பூ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு நாலு மணி என்றால் நடு ராத்திரி. லீவு நாளில் மட்டும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவ்வளவு கிட்டே போனால் போனின் நிழலே பூ மேல் விழும். பால் பெட்டியை வெட்டி விரித்தால் உள்ளே வெள்ளியாக இருக்கும், அதைப் பூவுக்கு எதிர்ப்பக்கம் பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழுகிறது, வேறு செலவே வேண்டாம். காற்றுக்கு சாத்தே குச்சி, இறைச்சி கோத்துச் சுடும் மூங்கில் குச்சி. சட்டியில் குத்தி, துணி காயப்போடும் கிளிப்பால் காம்பைக் குச்சியோடு பிடித்துவிட்டால் பூ ஆடாது. ஆனாலும் நான் அறுபது படம் எடுத்தால் மூன்றுதான் தேறும், தெளிவாக இருக்கும் ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், குமிழ் தெளிந்தால் தண்டு மங்கும், தண்டு தெளிந்தால் இதழ் மங்கும், மூச்சு விட்டாலே போச்சு. போனைக் கையில் ஆட்டி ஆட்டித் தேடாதீர்கள். முழங்கையை முழங்காலில் ஊன்றி, உடம்பை முன்னும் பின்னும் கொஞ்சம் சாய்த்து, தெளிவாகும் அந்த நொடியில் தட்ட வேண்டும். தொடர்ச்சியாக எடுக்கும் வசதி இருந்தால் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம்.

எனக்குப் பெரிய எதிரி காற்று இல்லை, அம்மா. 8 மணிக்குச் சாமிக்குப் பூ பறிக்கக் கூடையோடு வந்து நிற்பார். முதலில் எல்லாம் நான் நன்றாக ஃபோகஸ் பிடித்து வைத்திருக்கும்போது திரைக்குள் ஒரு கை வரும், பூ போய்விடும். "அம்மா, இன்னும் எடுக்கல!" "பிள்ளையார் எவ்வளவு நேரம்டி காத்திருப்பாரு?" இப்படி தினமும். கடைசியில் ஓர் உடன்பாடு, வாசலுக்கு இடது பக்கம் சாமிக்கு, வலது பக்கம் போனுக்கு. வலது பக்கத்தில் நல்ல பூ பூத்தால் இடதுபக்கச் சட்டியோடு இடம் மாறிவிடுகிறது, யார் மாற்றினார் என்று கேட்டால் பதில் வராது.

வீட்டுக்கு வெளியே ஒரு தடவைதான் கொண்டு போனேன், தாவரவியல் பூங்காவுக்கு, அதாவது நம் தண்ணீர்மலைப் பக்கம். 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்ற வெள்ளைக்காரரின் பொறுப்பில் தொடங்கிய தோட்டம், தைப்பூசத்துக்கு மலையேறுகிறவர்கள் எத்தனை பேர் அதற்குள்ளும் ஒரு நடை போகிறார்கள் என்று தெரியவில்லை, போக வேண்டும். போனது நாகலிங்கத்துக்காக. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூத்து, பீரங்கிக் குண்டு மாதிரி காய் தொங்குகிற மரம், அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா, ஆனால் பூவைப் பார்த்ததும் நம் ஆட்கள் லிங்கத்தையும் மேலே குடை பிடித்த நாகத்தையும் கண்டு சொந்தப் பெயர் வைத்துச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். இந்த லென்ஸுக்கு அது ரொம்பப் பெரிய பூ, முழுதாக வராது. நடுவில் மட்டும் எடுத்தேன். லிங்கத்தைச் சுற்றி வட்டமாக ஒரு மகரந்தக் கூட்டம், மேலே கவிந்திருக்கும் நாகத்தின் படத்தில் இன்னொரு கூட்டம். இரண்டும் ஒன்றில்லை. வட்டத்தில் இருப்பதுதான் காய் பிடிக்க வைக்கும் மகரந்தம், நாகத்தில் இருப்பது வரும் தேனீக்குச் சாப்பிடக் கொடுக்கும் வெறும் தீனி. தேனீ மேலே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அதன் முதுகில் கீழே இருக்கிற சரக்கு ஒட்டிக்கொள்ளும். அன்னதானம் போட்டு வேலை வாங்குகிற பூ. ஒரு எச்சரிக்கை, அங்கே குரங்குகளுக்கு பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று அர்த்தம், லென்ஸை அப்படிப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

ஏழு மாதத்தில் சாமானின் உடல்நிலை: கிளிப்பின் உள்பக்க ரப்பர் மூன்றாவது மாதம் கழன்றது, சூப்பர் குளூ போட்டேன். ஸ்பிரிங் இறுக்கமாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே, திரையில் கீறல் பாதுகாப்பு ஒட்டியிருந்தால் அதன் ஓரம் கிளம்பிவிடும். போனுக்கு உறை போட்டிருந்தால் உட்காராது, ஒவ்வொரு தடவையும் உறையைக் கழற்றியாக வேண்டும், அதனாலேயே நிறையப் பேர் ஒரு மாதத்தில் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. ரப்பர் கழன்றதைப் பற்றி விற்றவருக்கு எழுதினேன், நன்றி, ஐந்து நட்சத்திரம் போடுங்கள் என்று பதில் வந்தது. நான் மூன்றரை போட நினைத்தேன், அரை போட அங்கே வழி இல்லை, நாலு போட்டேன்.

பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும், போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் இருப்பவர்கள் இதை வாங்காதீர்கள், நிஜ மேக்ரோ லென்ஸும் கேமராவும் தனி உலகம், பழசாகக் கிடைத்தால்கூட ஆயிரக்கணக்கில் ஆகும். கிட்டப்பார்வை, வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்களுக்கும் திரையில் எது தெளிவு என்று பிடிப்பது சிரமம், எனக்கே போன வருடம்தான் கண்ணாடி மாறியது. கைநடுக்கம் இருந்தாலும் கஷ்டம்.

ஆனால் போனே இல்லாமலும் இது வேலை செய்கிறது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஹாலந்தில் லீவன்ஹூக் என்று ஒரு துணி வியாபாரி இருந்தார், பதினேழாம் நூற்றாண்டில், கண்ணோடு ஒட்டிப் பிடிக்கிற ஒற்றைக் கண்ணாடி வைத்தே யாரும் பார்க்காத கிருமிகளை எல்லாம் பார்த்தவர். அதே முறைதான், கிளிப்பிலிருந்து லென்ஸைத் திருகி எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பூவை அருகில் கொண்டு வந்தால் போதும். இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. ஒரு நாள் துளசிப் பூவை எடுத்துக்கொண்டிருந்தேன், அரிசி அளவுகூட இல்லாத பூ, இளஞ்சிவப்பில் ஒரு உதடு மாதிரி பிளந்து, உள்ளேயிருந்து மஞ்சள் நுனியோடு நாலு கேசரம் எட்டிப் பார்க்கும். திரையை அம்மாவிடம் காட்டினேன். அவருக்குப் போன வருடம்தான் கண்ணில் புரை எடுத்தது. போனைத் தள்ளி வைத்துவிட்டு, "இது எதுக்கு நடுவுல, கண்ணாடிய மட்டும் கழட்டிக் கொடு" என்றார். கொடுத்தேன். துளசி மாடத்துக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கதிராகப் பார்த்தார். அன்றைக்குப் பூஜை ஒன்பதரைக்குத்தான் நடந்தது.

அதிலிருந்து லென்ஸ் பிஸ்கட் டப்பாவில் இருப்பதில்லை. சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், பாதி நாள் "இரு, நான் பாக்குறேன்" என்பார். இன்னொன்று ஆர்டர் போட்டிருக்கிறேன். இப்போது 42 வெள்ளி 50 காசு, விலை ஏற்றிவிட்டார்கள்.